பாண்டிச்சேரியில் தங்கிவிட்ட அட்டைகள்

பாண்டிச்சேரிக்குப் போகிறேன் என்று ஒரு சென்னைவாசி சொன்னால், கேட்கிறவர் முகத்தில் ஒரு மாதிரியான சிரிப்பு வரும். மதுவிலக்கு வந்த நாளிலிருந்து இதுதான் நிலைமை. கோயிலுக்குப் போகிறேன் என்றாலும் சிரிப்பார்கள், தங்கை கல்யாணம் என்றாலும் சிரிப்பார்கள். நான் உண்மையான காரணத்தையே சொன்னேன். கிராமபோன் தட்டுகளின் மேலட்டை சேகரிக்கப் போகிறேன் என்றேன். பக்கத்து வீட்டு ரயில்வே குமாஸ்தா என் தோளைத் தட்டி, இதுவரை தான் கேட்ட சாக்குகளிலேயே இதுதான் புதுசு என்று பாராட்டினார். திரும்பி வரும்போது தனக்கும் ஓர் அட்டை வேண்டும், பிராந்தியில் நனைந்ததாக இருந்தால் விசேஷம் என்றார்.

என் பெயர் சிங்காரம். சைதாப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். நான் கரும்பலகையில் வரையும் யானையைப் பையன்கள் பன்றி என்று நோட்டில் எழுதிக்கொள்வார்கள்; மார்க் போடும்போது நானும் தகராறு செய்வதில்லை. என்னிடம் கிராமபோன் கிடையாது. சங்கீதத்தில் ஸரிகமவுக்கு மேல் தெரியாது. எனக்கு வேண்டியது அட்டைதான். அதிலும் பெரிய பாடகர்கள் மாலை போட்டுக்கொண்டு சிரிக்கும் அட்டை அல்ல. யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளாத, எதற்காக இப்படி வரைந்தான் என்று புரியாத கோணங்கி அட்டைகள். "ஊரே பழத்தைத் தின்னுட்டுத் தோலை எறியுது. நீங்க தோலைப் பொறுக்கிட்டு வர்றீங்க" என்பாள் என் மனைவி. இதைவிடச் சரியாக என் தொழிலை யாரும் வர்ணித்ததில்லை.

பயணத்துக்குக் காரணம் என் சிநேகிதன் வரதன். சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. அவனிடம் ஒரு பிரெஞ்சுத் தட்டு இருந்தது. பழுப்புக் காகிதத்தில் தானே தைத்த உறையில் போட்டு வைத்திருந்தான். மூக்குக்கு அருகே கொண்டுபோனால் கருவாட்டு வாசனை. அட்டை எங்கேடா என்றேன். பிரெஞ்சுக்காரன் காலத்தில் பாண்டியிலிருந்து சுங்கத்துக்குத் தெரியாமல் வந்த சரக்கு, அட்டை அங்கேயே தங்கிவிட்டது என்றான். கடைக்காரர் யார் என்று கேட்டதற்கு, ஆள் வைத்து வாங்கியது, தெரியாது என்று மழுப்பினான். எனக்கு அதற்கு மேல் காது கேட்கவில்லை. அவனைப் போல எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள், அத்தனை அட்டையும் அங்கே இருக்குமே என்ற நினைப்பிலேயே கோடை விடுமுறைக்குக் காத்திருந்தேன்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் எனக்கு அது வெளிநாட்டுப் பயணம்தான். நான் போயிருக்கும் வெளிநாடும் அது ஒன்றுதான்.

பஸ் என்னை இறக்கிவிட்டபோது உச்சி வெயில். ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. பகல் சாப்பாட்டுக்கு மேல் மூன்று மணி வரை யாரும் கதவு திறக்க மாட்டார்கள் என்பதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் கடைக்காரர் தூங்குவார், கடை விழித்திருக்கும். இங்கே இரண்டும் சேர்ந்து தூங்குகின்றன. கோடு போட்ட நோட்டு மாதிரி நேரான வீதிகள்; எந்த முனையில் நின்றாலும் அடுத்த முனை தெரிகிறது; எதிலும் ஒரு நிழல் இல்லை. நான் குடையைப் பிடித்துக்கொண்டு கடற்கரை வரை நடந்து, சுடும் கல்லில் உட்கார்ந்து, உடனே எழுந்துவிட்டேன்.

மிஷன் வீதிப் பக்கம் ஒரு மெஸ்ஸில் மாடி அறை கிடைத்தது. மானேஜர் சாவியைக் கொடுத்துவிட்டு, சோடா எத்தனை அனுப்பட்டும் என்று கேட்டார். சோடா வேண்டாம் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ராவாவா?" என்றார், மரியாதையோடு.

சாயங்காலம் கடை கடையாக ஏறி இறங்கினேன். கடிகாரக் கடை, ரேடியோ கடை, வாசனைத் தைலக் கடை. பிரெஞ்சுக்காரன் காலத்தில் பட்டணத்துக்குத் தட்டு அனுப்பினீர்களாமே என்று நான் ஆரம்பித்ததுமே ஒவ்வொருவர் முகமும் ஷட்டர் மாதிரி இறங்கியது. நாலாவது கடையில்தான் காரணம் புரிந்தது. குடை, தோல்பை, மூக்குக்கண்ணாடி, எதற்கெடுத்தாலும் கேள்வி. பழைய கணக்கைக் கிளற வந்த சுங்க ஆபீசர் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு கடைக்காரர் எனக்கு நாற்காலி போட்டு, கலர் வாங்கிக் கொடுத்து, தன் வாழ்நாளில் பாட்டே கேட்டதில்லை என்று சத்தியம் செய்தார். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அது பக்கத்து வீடு என்றார்.

மறுநாள் காலை கைத்தடி நீளத்துக்கு ஒரு ரொட்டி கொடுத்தார்கள். மேலே மரம், உள்ளே பஞ்சு. காப்பியில் தோய்க்கப் போனால் டம்ளர் கவிழ்கிறது. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அதை ஒரு கையால் முறித்து, காப்பியைக் கிண்ணத்தில் ஊற்றித் தோய்த்துக் காட்டினார். பல்லுக்குப் பழகிவிட்டால் அருமையான சாமான். எங்கள் ஊர் ரொட்டியை ஜுரம் வந்தவனுக்குத்தான் கொடுப்பார்கள். இதைச் சாப்பிட ஜுரம் இல்லாதவனாக இருக்க வேண்டும்.

வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான் என்ற முடிவோடு, வீட்டுக்காவது ஏதாவது வாங்கலாம் என்று பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். மீன் வரிசையைத் தாண்டும்போது கால் நின்றுவிட்டது. ஒரு மீன்காரம்மாள் வஞ்சிரத்தின் மேல் உட்காரும் ஈயை விசிறிக்கொண்டிருந்தாள். விசிறி ஓர் அட்டை. அதில் ஒரு வாத்திய கோஷ்டி முழுவதும் சமையல்காரர் வேஷத்தில் நின்றது. வயலினுக்குப் பதில் கரண்டி, மேளத்துக்குப் பதில் அண்டா. நடத்துகிறவர் கையில் ஒரு முள்ளங்கி.

அவள் பெயர் அஞ்சலை. அந்த விசிறியை விலைக்குத் தருவாயா என்று கேட்டேன். அவள் பக்கத்துக் கூடைக்காரியைப் பார்த்து, "மீனு வேணாமாம், ஈ ஓட்டற அட்ட வேணுமாம். பட்டணத்துல ஈ ஜாஸ்தி போல" என்றாள். வரிசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன், இல்லாவிட்டால் இன்னும் சிரிப்பார்கள்.

பிறகு அவளே சொன்னாள். அந்தக் காலத்தில் லூர்துநாதன் என்று ஒருவர் தட்டுக் கடை வைத்திருந்தார்; அந்த ஊர்ப் பேச்சில் ஐயாவுக்கு முசே, அம்மாவுக்கு மதாம், அதனால் எல்லாருக்கும் அவர் முசே லூர்துநாதன். சாலை வழியாகப் போனால் சுங்கச் சாவடியில் பிடிபடும். அதனால் தட்டுகளை மெழுகுத் துணியில் சுற்றி, குருசுக்குப்பத்தில் அஞ்சலையின் புருஷன் கட்டுமரத்தில் ஏற்றி, வடக்கே பிள்ளைச்சாவடிக்கு அப்பால் கரை சேர்ப்பான். அங்கிருந்து கருவாட்டுக் கூடையில் பட்டணம். தட்டு நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம், அட்டை நனைந்தால் அப்பள மாவு. ஆகவே முசே அட்டைகளைக் கழற்றித் தன்னிடமே வைத்துக்கொள்வார். இந்தச் சமையல்கார கோஷ்டியின் தட்டு அலையில் உடைந்துபோனது. வாங்கினவருக்குப் பணத்தைத் திருப்பிவிட்டு, தட்டு இல்லாத அட்டைக்குச் சொந்தக்காரர் இல்லை என்று முசே அதை அவளிடம் கொடுத்துவிட்டார்.

"மத்த அட்டைங்க?" என்றேன். 

"அவரு கிட்டத்தான் கீது. ஆனா குடுக்க மாட்டாரு. எனுக்கே ஒண்ணு கேட்டுப் பாத்தேன், அடுப்பு விசிற. சாமி படத்த கேட்ட மாதிரி பாத்தாரு."

விசிறியை அவள் விடவில்லை; வீட்டு அடையாளம் மட்டும் சொன்னாள். வெயிலுக்கு ஒரு வண்டி பிடித்தேன். பாண்டிச்சேரிக்கே உரிய புஷ்புஷ் வண்டி. ஊரில் ஒன்றிரண்டுதான் மிச்சமாம். ஆள் பின்னால் நின்று தள்ளுவான். முன்னால் இருக்கும் நீளக் கம்பியைப் பிடித்துத் திருப்ப வேண்டியது சவாரி செய்கிறவர் பொறுப்பு. காசையும் கொடுத்து வேலையையும் செய்கிற ஏற்பாடு. இடது பக்கம் திருப்பச் சொன்னபோது வலது பக்கம் திருப்பி, தெருக்குழாயடியில் வரிசையாக நின்ற குடங்களுக்குள் வண்டியை விட்டேன். குடத்துக்குச் சொந்தக்காரிகள் என்னை எதுவும் சொல்லவில்லை. தள்ளினவனைத்தான் திட்டினார்கள், இந்த மாதிரி ஆளையெல்லாம் ஏன் ஏற்றுகிறாய் என்று. மிச்ச தூரத்தை நான் நடந்தேன். அவன் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு, தானே ஒரு கையால் கம்பியை எட்டிப் பிடித்தபடி, வழிகாட்டினான்.

குருசுக்குப்பத்துக்குச் சற்று முன்னால் ஒரு சந்தில் வீடு. வாசலில் பெட்டிகள் கயிறு கட்டிக் கிடந்தன. வெள்ளைக் கால்சட்டையும் தோளில் வாரும் போட்ட ஒரு பெரியவர் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். உள்ளிருந்து ஓர் அம்மாள் குரல், பெட்டி கட்ட ஆள் வந்தாச்சா என்று கேட்டது. முசே லூர்துநாதனும் மதாம் பிலோமினாவும். மகன் பிரான்ஸில் பட்டாளத்தில் இருக்கிறான், பெற்றோரைக் கூப்பிட்டிருக்கிறான், கொழும்பில் கப்பல், வெள்ளிக்கிழமை ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். இத்தனையும் மதாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "நான் கெளம்பறேன். இவரு கெளம்ப மாட்டாராம்" என்று முடித்தாள்.

கிளம்பாததற்குக் காரணம் உள்ளே, மதாமின் கல்யாணப் பெட்டிக்குள் இருந்தது. வீட்டிலேயே ஈரம் ஏறாத இடம் அதுதான் என்று அவளுடைய புடவைகளைக் கொடியில் தொங்கவிட்டு, பெட்டி நிறைய அட்டைகளை அடுக்கி வைத்திருந்தார். சுங்கச் சாவடி ஒழிந்ததும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், அதுவரை உங்கள் அட்டை என்னிடம் பத்திரம் என்று ஒவ்வொருவருக்கும் தரகர் மூலம் வாக்குக் கொடுத்திருந்தாராம். சாவடி போய்விட்டது. ஒருவரும் வரவில்லை. பிறர் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு கப்பல் ஏற மாட்டேன், நீ முன்னால் போ, எல்லாரும் வந்து வாங்கினதும் நான் வருகிறேன் என்கிறார். மகன் எடுத்திருக்கும் சீட்டு இந்த ஒரு கப்பலுக்குத்தான்.

வேர்க்கடலைக்காரனுக்கு எடை போட்டுவிடலாம், இல்லாவிட்டால் கொளுத்திவிடலாம் என்று மதாம் மூன்று வருஷமாகச் சொல்லிவருகிறாள். அவர் காதில் விழுவதில்லை. நீங்களே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாமே என்று கேட்டேன். அவர் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். வாங்கினவர்கள் எல்லாம் பெரிய உத்தியோகஸ்தர்கள். நான் போய் அவர்கள் வாசலில் நின்றால் அக்கம்பக்கம் என்ன நினைக்கும், அவர்களுக்குத்தானே சங்கடம் என்றார்.

விலைக்குக் கேட்கலாம் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் என் பெயரைக் கேட்டார்.

"சிங்காரம்."

"எந்தச் சிங்காரம், முசே?"

"சைதாப்பேட்டை. டிராயிங் மாஸ்டர்."

அவர் எழுந்து உள்ளே போனார். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் தேடவில்லை, எது எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும்போல. ஓர் அட்டையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். கட்டம் போட்ட உள்ளாடையும் முறுக்கு மீசையுமாக ஒரு தடித்த ஆசாமி, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான், தேகப்பயிற்சிக்கான தட்டு. திருப்பினால் பென்சிலில், அச்சு மாதிரி எழுத்தில், என் பெயர். என் தெரு. என் கதவு எண்.

"வந்துட்டீங்களா" என்றார். 

வரதன். வேறு யார்? மாட்டினால் நான் மாட்டிக்கொள்ளட்டும் என்று என் பெயரைக் கொடுத்திருக்கிறான். என் தொப்பையைப் பார்த்துத் தட்டையும் தேர்ந்தெடுத்திருக்கிறான். நான் உடனே உண்மையைச் சொன்னேன். முசே, இது நான் வாங்கியதில்லை, என் சிநேகிதன் வேலை என்றேன். முசே லூர்துநாதன் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பயப்படாதீங்க. பட்டணத்துக்காரங்க எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க. சாவடிதான் போயிடுச்சே."

மறுபடி சொன்னேன். மறுபடி சிரித்தார். மூன்றாவது தடவை சொன்னபோது மதாம் குறுக்கிட்டு, நாளை மத்தியானம் சாப்பிட வாங்க என்றாள். அவள் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் சாப்பாடு அருமை. தேங்காய்ப் பாலில் மீன், சோற்றோடு வினிகர் ஊற்றிய பச்சைக்காய்கறி, கடைசியில் வாழைப்பழத்தில் ஏதோ சாராயம் ஊற்றிக் கொளுத்திய ஒரு பதார்த்தம். நீலமாக எரிந்ததைப் பார்த்து நான் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தேன். எங்கள் வீட்டில் சாப்பாடு தீய்ந்தால் சண்டை வரும். இங்கே தீ வைத்துவிட்டுத்தான் பரிமாறுகிறார்கள். முசே தாவாங்கட்டைக்கு அடியில் துண்டைச் செருகிக்கொண்டு, குழந்தை மாதிரி சந்தோஷமாக இருந்தார். ஒருவர் வந்துவிட்டார், இனி மற்றவர்களும் வருவார்கள் என்றார். வெள்ளிக்கிழமையாவது கப்பலாவது, மழைக்காலம் வரை பார்க்கலாம் என்றார். மதாம் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கை கழுவுகிற சாக்கில் நானும் போனேன்.

அவள் சாம்பலால் கிண்ணத்தைத் தேய்த்துக்கொண்டே பேசினாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கண் ஆபரேஷனுக்குப் பட்டணம் போயிருந்தாளாம். புருஷனுக்குத் தெரியாமல் சில அட்டைகளை எடுத்துப் போய் விலாசம் விசாரித்திருக்கிறாள். ஒன்று போலீஸ் ஸ்டேஷன். ஒன்று சுடுகாட்டு மதில். இன்னொன்றில் வீடே இல்லை, குளம். சுங்கத்துக்குப் பயந்து ஆளாளுக்கு வாய்க்கு வந்த பெயரைச் சொல்லியிருக்கிறார்கள் என்பது அவளுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

"வந்து அவருகிட்ட எப்படிச் சொல்றது? எல்லாரும் ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லிட்டேன். மனசு நோகக் கூடாதுன்னுதான், முசே, நான் அப்படிச் சொன்னேன். ஊருக்குப் போனவங்க திரும்பி வருவாங்க இல்ல? அதான் உக்காந்திருக்காரு. அன்னிக்கே ஒரு நாள் அழ விட்டிருந்தா முடிஞ்சிருக்கும்."

தேய்த்த கிண்ணத்தையே மறுபடி தேய்த்தாள். பிறகு, "உங்களத்தான் நம்பறாரு. நீங்களும் பட்டணத்துக்காரரு, அதுவும் வாங்கினவரு. நீங்க எடுத்துக்கிட்டுப் போயி எல்லாருக்கும் குடுக்கறேன்னு சொன்னா அனுப்பிடுவாரு. அங்க போயி என்னா வேணா செய்ங்க" என்றாள்.

நான் எதற்காக வந்தேனோ அது என் மடியில் வந்து விழுகிறது. காலையில் கேட்டிருந்தால் குதித்திருப்பேன். இப்போது குதிக்கத் தோன்றவில்லை.

கூடத்துக்குப் போய்ச் சொன்னேன். மற்ற வாடிக்கையாளர்களுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன், நான் போனால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்றேன். அவர் வெகுநேரம் யோசித்தார். அப்புறம் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து, பெயரை உரக்கப் படித்து, என் கையில் வைத்தார். பார்க்கப் பார்க்க எனக்குத் தலை சுற்றியது. சைக்கிளின் முன்பாரில் சேவலை உட்கார வைத்துக்கொண்டு போகும் சீமாட்டி. விரித்த அக்கார்டியனுக்குள் படுத்துத் தூங்கும் கிழவர். இந்தியாவைக் கனவில் மட்டும் பார்த்த எவனோ வரைந்த மகாராஜா. அவரைச் சுற்றிப் பனிக்கட்டியில் தென்னை, அதன் அடியில் ஒட்டகம், பக்கத்தில் ஒரு பன்றி. உற்றுப் பார்த்ததில் அது யானை. சகோதரா என்று மனசுக்குள் வரைந்தவனைக் கூப்பிட்டேன்.

ஒவ்வொரு பெயருக்கும் அவரிடம் ஒரு கதை இருந்தது. இவர் நீதிபதியாக இருக்க வேண்டும், எழுத்தில் வந்த ஆர்டரே அவ்வளவு கண்டிப்பு. இந்த அம்மாள் பாட்டு வாத்தியாராக இருக்கலாம். யாரையும் அவர் பார்த்ததில்லை. எல்லாம் இடைத்தரகர் மூலம் வந்த ஆர்டர். பார்க்காத மனிதர்களுக்கெல்லாம் முகம் கொடுத்து வைத்திருந்தார். நான் ஜோக் அடிக்காமல் இருந்த மத்தியானம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். கடைசி அட்டையைக் கொடுத்ததும் காலிப் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "பிலோமினா, உன் பொடவைங்கள எடுத்து வை" என்றார்.  உள்ளிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

திரும்பும் வழியில் பாண்டி எல்லையைத் தாண்டினதுமே மதுவிலக்குப் போலீஸ் பஸ்ஸை நிறுத்தியது. எல்லாரையும் இறக்கிச் சோதனை போட்டார்கள். என் மூட்டையைத் தட்டிப் பார்த்த ஜவான், பாட்டில் எங்கே என்றார். பாட்டில் இல்லை என்றேன்.

"அப்ப எதுக்குய்யா பாண்டிக்குப் போனே?"

நியாயமான கேள்விதான். மூட்டையை அவிழ்த்தார். சேவலும் சீமாட்டியும், உள்ளாடைப் பயில்வானும் சாலையோரப் புளிய மரத்தடியில் கடை பரப்பிக்கொண்டார்கள். பயணிகள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் பயில்வானையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பின்பக்கம் இருந்த பெயர்களைப் படித்த ஜவான், இவர்கள் எல்லாம் யார் என்றார். சொந்தக்காரர்கள் என்றேன். உனக்கா என்றார். அட்டைக்கு என்றேன். அவர் என்னை வண்டியில் ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம் என்னைக் காட்டி, பார்த்துக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்.

சைதாப்பேட்டைக்கு வந்ததும் வரதனைப் பிடித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தட்டு எங்கேடா என்றால், போன வாரம்தான் யாருக்கோ கொடுத்தானாம். உள்ளாடைப் பயில்வான் எனக்கே எனக்கு என்று ஆகிவிட்டான். பாண்டியிலிருந்து கொண்டுவந்த அட்டைகளில் உரிமையோடு என்னுடையது அது ஒன்றுதான்.

மற்றதையெல்லாம் பூட்டி வைத்துவிட்டு ரசிக்க வேண்டியதுதானே? உட்கார்ந்து பார்த்தேன். படத்தைப் பார்க்க முடியவில்லை. பின்பக்கம் இருக்கும் பெயர்தான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அவர்கள் ரயில் ஏறியிருப்பார்கள். விடுமுறையில் மிச்சமிருந்த நாட்களில், மதாம் என்ன வேண்டுமானாலும் செய்யச் சொல்லியிருந்தும், குடையை எடுத்துக்கொண்டு விலாசம் விலாசமாக அலைந்தேன். ஒரு கதவு எண் ஐஸ் கிடங்கு. ஒரு பெயருக்கு உரியவர் வெள்ளைக்காரன் காலத்திலேயே காலமான ஜமீன்தார். ஒரு வீட்டில் எருமை கட்டியிருந்தது. நான் கூப்பிட்டதற்கு அது மட்டும் திரும்பிப் பார்த்தது.

திருவல்லிக்கேணியில் ஒரு விலாசத்தில் வீடும் இருந்தது, பெயருக்கு உரிய ஆளும் இருந்தார். சபேசன், பி.ஏ. ரிடையரான ஹெட் கிளார்க். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே அட்டையை வாங்கிப் பார்த்தார். ஒரு பெரிய பியானோ. அதன் கட்டைகள் மேல் ஒரு பூனை நீட்டிப் படுத்துத் தூங்குகிறது. வாசிக்க வேண்டியவர் கோட்டும் சூட்டுமாக, கையைக் கட்டிக்கொண்டு, அது எழுந்திருக்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

இது தன்னுடையது இல்லை என்றார் சபேசன். தெரியும் சார் என்றேன். விஷயத்தைச் சொன்னேன், யாரோ சுங்கத்துக்குப் பயந்து உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள் என்று. கோபித்துக்கொண்டு கிழித்துப் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அட்டையைத் திருப்பி, பென்சில் எழுத்தை விரலால் தொட்டார்.

"என் பேரோட பி.ஏ.ன்னு சேர்த்துச் சொல்றவன் ஒருத்தன்தான். தாமோதரன். என் செக்ஷன்லே இருந்தான். அப்படிச் சொல்றப்பல்லாம் நான் காதில் விழாத மாதிரி இருப்பேன்."

அவரிடமே கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். போன தை மாசம் போய்ச் சேர்ந்துவிட்டான் என்றார்.

அட்டையை மறுபடி படத்துப் பக்கம் திருப்பினார். பிறகு, "பக்கத்து மேஜை சார். எத்தனை வருஷம். வாயைத் திறந்தா 'எஸ் சார்', 'நோ சார்'. இவனுக்குப் பாட்டு பிடிக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது" என்றார். அவர் குரலில் தாமோதரன் மேல் கோபம் இல்லை.

"என்ன பாட்டு இது?" என்று கேட்டார்.

எனக்குப் பிரெஞ்சும் தெரியாது, பாட்டும் தெரியாது. அதைச் சொன்னேன். பாண்டிச்சேரியில் ஒருவருக்குத் தெரிந்திருக்கும், அவர் இந்நேரம் கடலில் எங்கேயோ இருப்பார் என்றும் சொன்னேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். படம் பார்க்கிற அவசரத்தில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

சபேசன் கேட்டைத் திறந்தார். உள்ளே வாருங்கள் என்று நாற்காலியைக் காட்டினார். அட்டையை மேஜை மேல் சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிட்டு அவரும் எதிரில் உட்கார்ந்தார். காப்பி வந்தது. இருவரும் பியானோவைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். பூனை எழுந்திருக்கவில்லை.